நெய்விளக்கு நாச்சியின் கடைசிக் காட்சி

ஜூன் 3, திங்கள்

ஆஸ்பத்திரியில் நம் பெயரைக் கூப்பிடுவதற்குள் ஒரு கூடைப் பூவைக் கட்டி முடித்துவிடலாம். காலையில் போனவர்கள் சாயங்காலம்தான் வீடு திரும்பினோம். டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் பொறுமைசாலி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"அய்யாவுக்குக் குரல்வளையை எடுத்துரணும்மா. கரண்டு வச்சதுல புற்றுக்கட்டி முழுசாப் போகல. இந்த மாசத்துக்குள்ள செஞ்சா ஆளைக் காப்பாத்திரலாம்."

"பேச்சு?" என்று கேட்டேன்.

"பேச்சு இருக்காதும்மா. கழுத்துல ஒரு துளை போட்டுருவோம், அது வழியா மூச்சு விடுவாரு. பழகிரும்."

என் தம்பி கனகசபைக்குப் பேச்சு இல்லை என்பது மீனுக்குத் தண்ணீர் இல்லை என்பது மாதிரி. பகலில் மில்லில் கணக்கு எழுதிவிட்டு, திருவிழாக் காலத்தில் சேலை கட்டி ஸ்திரீபார்ட் ஆடியவன். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு, "நான் செஞ்சுக்கமாட்டேன்க்கா" என்றான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மதுரை வரும்வரை தூங்கினான்.

சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். ரவை தீர்ந்துவிட்டது.

ஜூன் 5, புதன்

கோயம்புத்தூரிலிருந்து பூர்ணிமா போன் செய்தாள். கனகசபையின் ஒரே மகள். அவளுடைய அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான்தான். அதனால் திட்டுகிற உரிமையும் அவளுக்கு உண்டு.

"அத்தை, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. எப்படியாவது சம்மதிக்க வைங்க."

நான் சொல்லி அவன் கேட்டது ஆறாம் வகுப்போடு சரி என்றேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 6, வியாழன்

பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை போடத்தான்.

என் பீரோவில் சேலை குறைவு. பழைய நாடக நோட்டீஸ், நாடகக் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகம், கேட் டிக்கெட், ஓரம் உடைந்த இசைத்தட்டுகள், ஜிகினா போன ஒரு தகரக் கிரீடம். பழைய பேப்பர் கடைகளில் நான் குனிந்து பொறுக்கியவை. 'கல்யாணம் பண்ணியிருந்தா இந்தக் குப்பை சேந்திருக்காது' என்று அம்மா சாகும்வரை சொன்னாள். கல்யாணம் பண்ணியிருந்தால் வேறு குப்பை சேர்ந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல்தட்டில் நீல அட்டைகள். நாங்கள் இளவட்டமாக இருந்தபோது, தஞ்சாவூரிலிருந்து 'மாத நாடக மன்றம்' என்று ஒன்று நடந்தது. உறுப்பினராகச் சேர்ந்தால் மாதம் ஒரு சங்கீத நாடகம் தபாலில் வி.பி.பி.யாக வரும், பணம் கட்டி வாங்க வேண்டும். ஆனால் முழு நாடகமாக வராது. நாடகக்காரர்கள் பாடம் பண்ணுகிற வழக்கப்படி, ராஜபார்ட்டுக்கு நீல அட்டையில் ஒரு புத்தகம், ஸ்திரீபார்ட்டுக்கு ரோஜா நிற அட்டையில் ஒன்று, பபூனுக்கு மஞ்சள். நம் வசனமும் பாட்டும் மட்டும்தான் நம் புத்தகத்தில் இருக்கும். எதிராளி பேசுவதில் கடைசி இரண்டு வார்த்தை மட்டும் போட்டிருப்பார்கள். அதைக் கேட்டதும் நாம் எடுக்க வேண்டும்.

நான் ராஜபார்ட்டுக்குச் சேர்ந்தேன். கனகசபைக்கு அப்போது குரல் உடையவே இல்லை, அதனால் ஸ்திரீபார்ட். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் நின்று நான் ராஜாவாகக் கர்ஜிப்பேன், அவன் ராணியாக விம்முவான்.

மன்றம் கடைசியாக அனுப்பிய நாடகம் 'நெய்விளக்கு நாச்சி'. இரண்டு மாதத்துக்கு இரண்டு பாகமாக வந்தது. இரண்டாம் பாகத்தில் என் நீல அட்டை வந்தது, அவனுடைய ரோஜா அட்டை வரவில்லை. மன்றத்தையே மூடிவிட்டார்கள். பெண்டாட்டி நாச்சியைச் சந்தேகப்பட்டுக் காட்டுக்கு அனுப்பிய ராஜா, கடைசிக் காட்சியில் கையில் விளக்கோடு அவள் குடிசை வாசலில் நின்று 'என்னை மன்னித்தாயா?' என்று கேட்கிறான். அதற்கு அவள் என்ன சொன்னாள்? என் புத்தகத்தில் அந்த இடத்தில் வெறும் புள்ளிகள். அச்சுக்கோத்தவன் எழுத்துப் பத்தாமல் புள்ளி வைத்துவிட்டான் என்று அவனை நாங்கள் திட்டாத நாளில்லை. கனகசபை தானே காபி ராகத்தில் ஒரு பாட்டுக் கட்டி அந்த இடத்தில் செருகினான். மாரியம்மன் கோயில் திருவிழாவில் மன்ற உறுப்பினர்களெல்லாம் சேர்ந்து அந்த நாடகத்தைப் போட்டபோது அதற்கு ஒன்ஸ்மோர் கிடைத்தது. எனக்கு மேடை கிடையாது, வயசுப்பெண். கூட்டத்தில் உட்கார்ந்து ராஜபார்ட் வசனத்தை முணுமுணுத்தேன்.

அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து நின்றான். குரல் தகரத்தில் ஆணி இழுப்பதுபோல் வருகிறது.

"அக்கா, அந்த ரோஸ் புக்கைத் தேடிக் குடு. நாச்சி உள்ளபடி என்ன பாடுறான்னு பாத்து ஒரு தடவை பாடிட்டு வந்து படுக்குறேன். அப்புறம் வெட்டிக்கட்டும்."

"பாடுற நிலைமையிலயாடா இருக்கே?"

"ஒரு பாட்டு தாங்கும்."

"கெடைக்கலேன்னா?"

"கெடைக்கலேன்னா விடு."

ஐம்பது வருஷமாகத் தேடிக் கிடைக்காதது இந்த மாசத்தில் கிடைக்குமா? அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறான். அவன் கேட்டது புத்தகம் அல்ல, மறுக்க ஒரு சாக்கு.

அந்துருண்டை போட மறந்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

மூன்று நாளாகப் போனும் கையுமாக இருக்கிறேன். தெரிந்த பழைய புத்தகக்காரர்கள், நோட்டீஸ் சேர்க்கிறவர்கள், அச்சாபீஸ்காரர்கள் எல்லோரையும் கேட்டாயிற்று. ஒருவர் செத்துப் போய்விட்டார், ஒருவருக்குக் காது கேட்கவில்லை. இன்னொருவர் "ரோஸ் அட்டையா? இருந்துச்சும்மா, பட்டாணிக் கடைக்கு எடைக்குப் போட்டுட்டேன்" என்றார். கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

பூர்ணிமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ஒரு பழைய புக்குக்காக ஆபரேஷனைத் தள்ளுவாங்களா? அவருக்குத்தான் புத்தி இல்ல, உங்களுக்குமா அத்தை?" என்று கத்தினாள். நியாயம்தான். ஆனால் அவனைக் கையைக் காலைக் கட்டியா தூக்கிக்கொண்டு போவது?

கீரை வாங்கினேன். ஒரே மண்.

ஜூன் 11, செவ்வாய்

கிடைத்துவிட்டது. இருக்கிற இடம் கிடைத்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டையில் சோலையப்பன் என்று ஒருவர். மைக்செட் கடை வைத்திருக்கிறார். நாடகங்களுக்கு மைக்செட் போட்டுப் போட்டு நாடகப் பைத்தியமாகி, மன்றத்தின் ரோஜா அட்டை வரிசையை முழுதாகச் சேர்த்து வைத்திருக்கிறார். 'நெய்விளக்கு நாச்சி' இரண்டாம் பாகமும் இருக்கிறதாம்.

"விக்கிறதுக்கு இல்லிங்கம்மா. மாத்திக்கிறதா இருந்தா பேசலாம்."

"என்ன வேணும்?"

"உங்ககிட்ட நீலம் முழு செட்டு இருக்காம்ல? கேள்விப்பட்டிருக்கேன்."

ஒரு ரோஜா அட்டைக்கு என் நீலம் முழுவதும்! தம்பி உடம்பைப் பற்றிச் சொல்லி, கடைசிப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பக் கேட்டேன்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. போட்டோன்னு ஒண்ணு போச்சுன்னா நாளைக்கு ஊரெல்லாம் சுத்தும். அப்புறம் எங்கிட்ட இருக்குறதுக்கு என்ன மரியாதை? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததா! போன வருஷம் கல்லூரிப் பெண் ஒருத்தி என் நோட்டீஸைப் படம் எடுக்கக் கேட்டபோது நானும் இதையேதான் சொன்னேன். அதனால் அந்த மனிதரைத் திட்டவும் வாய் வரவில்லை.

ஜூன் 12, புதன்

நீல அட்டைகளைக் கீழே இறக்கித் தூசி தட்டினேன். சும்மா தட்டினேன்.

ஜூன் 14, வெள்ளி

புதுக்கோட்டை போய் வந்தேன். நீல அட்டைகளைப் பிளாஸ்டிக் மழைக்காகிதத்தில் சுற்றி, பழைய கட்டைப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டேன். எப்படியும் ஓரங்களில் செல் அரிக்க ஆரம்பித்திருந்தது. எனக்கும் வயதாகிவிட்டது. எனக்குப் பிறகு பூர்ணிமா எடைக்குத்தான் போடுவாள். கொடுத்ததில் ஒன்றும் பெரிய நஷ்டமில்லை.

சோலையப்பன் நல்ல மனிதர்தான். கடைக்குள் உட்கார வைத்து கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். 'நெய்விளக்கு நாச்சி'யின் நீல அட்டை வந்ததும், "இதை மட்டும் வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"வேணாம். அது எனக்குப் பாடம்" என்றேன்.

திரும்பும்போது, பஸ் திருமயம் தாண்டியதும் ரோஜா அட்டையைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

பாட்டு இல்லை. வசனமும் இல்லை.

'என்னை மன்னித்தாயா' என்ற என் வார்த்தைக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இப்படி இருந்தது: 'இவ்விடத்தில் நாச்சி பேசமாட்டாள். பாட்டுக் கிடையாது. ராஜாவின் கையிலிருந்து விளக்கை வாங்கிக்கொள்ள வேண்டும். அவசரப்படக் கூடாது.'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மன்றத்தின் முகவரி.

அச்சுக்கோத்தவன் தப்புச் செய்யவில்லை. புள்ளிகள் புள்ளிகளாகவே இருந்திருக்கின்றன. நாங்கள்தான் அங்கே ஒரு பாட்டைக் கட்டி ஏற்றி ஒன்ஸ்மோர் வாங்கியிருக்கிறோம். பக்கத்து சீட்டுப் பெண் "என்னம்மா, தலைசுத்துதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

கனகசபையிடம், "கடை பூட்டியிருந்துச்சுடா, திங்கக்கெழமை வரச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

ஜூன் 15, சனி

புத்தகம் அரிசி டப்பாவில் இருக்கிறது. பாடிவிட்டுப் படுக்கிறேன் என்றவனிடம், பாட்டே இல்லை என்று எப்படிக் காட்டுவது? 'பாத்தியாக்கா, பாட்டு இல்ல, நானும் படுக்கல' என்பான். அவன் நாக்கு அப்படி. நானே ஒரு பாட்டை எழுதி உள்ளே செருகலாமா என்றுகூட நினைத்தேன். பழைய காகிதம் இருக்கிறது, பழைய அச்சுக்கு எங்கே போவது?

பயமாக இருக்கிறது. எழுதியே விட்டேன். எனக்கு அவனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஜூன் 17, திங்கள்

காலையில் வாஷ்பேசினில் ரத்தம். அவன் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தான். ஓரத்தில் மிச்சம் இருந்தது.

இனிமேல் நாள் கடத்த எனக்குத் தைரியம் இல்லை. அரிசி டப்பாவைத் திறந்து, மாவு ஒட்டியிருந்ததைத் தட்டி, புத்தகத்தை அவன் மடியில் போட்டேன்.

"வெள்ளிக்கெழமையே வாங்கிட்டேன். பாட்டு இல்லடா. நீயே பாத்துக்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தான். மறுபடி படித்தான். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரிக்கிறான்! அந்தக் கிழிந்த குரலில் இருமி இருமிச் சிரிக்கிறான்.

"பேசாம நிக்க வேண்டிய எடத்துல மூணு சரணம் பாடியிருக்கேன்க்கா. அதுக்கு ஒன்ஸ்மோர் வேற!"

"அந்த அச்சாபீஸ்காரனை நாம திட்டுன திட்டுக்கு அவன் வம்சமே விக்கியிருக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "நீலப் புக்கை எடு, முதல்லருந்து பாப்போம்" என்றான்.

இரவல் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவன் பீரோவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். திறந்து பார்க்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் முகச்சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். "எங்க கையெழுத்துப் போடணும்?"

"கடைசிக் காட்சியை ஒருதரம் செஞ்சு பாத்துட்டுப் போவமா?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாம்க்கா. அது குரலில்லாதவனுக்கு எழுதுனது."

பஸ்ஸில் நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 24, திங்கள்

ஆபரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள் சாயங்காலம்தான் வெளியே வந்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டரம்மா சொன்னார். தள்ளுவண்டியில் போவதற்கு முன் அவன் கடைசியாகச் சொன்னது, "பால்காரனுக்கு நாளைக்கு வேணாம்னு சொல்லிடு." மற்றவர்களுக்கெல்லாம் எத்தனை நல்ல கடைசி வார்த்தை அமைகிறது!

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பூர்ணிமா என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

ஜூன் 27, வியாழன்

கழுத்தில் துளை. மூக்கில் குழாய், அது வழியாகத்தான் ஆகாரம். அவன் எங்களைப் பார்ப்பதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். சிலேட்டும் பலப்பமும் வாங்கி வைத்தேன், தொடவில்லை. பூர்ணிமா கெஞ்சுகிறாள். நான் கெஞ்சவில்லை. துணி துவைக்கிறேன், குழாயைக் கழுவுகிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

இன்றும் சுவர்.

ஜூலை 2, செவ்வாய்

நான்தான் அவனை இதில் தள்ளினேன். பாட்டில்லாத புத்தகத்தைக் காட்டிச் சிரிக்க வைத்து, சிரிப்பு ஆறுவதற்குள் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஒரு புத்தகத்தில் பேசாமல் நிற்பது வேறு, ஆயுசு முழுக்கப் பேசாமல் கிடப்பது வேறு. அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அவனுக்கு என்ன ஆசை என்று நான் நின்று கேட்டேனா?

ஆஸ்பத்திரிக் கேன்டீனில் இட்லி கல். தலைவலி.

ஜூலை 4, வியாழன்

குழாயை நேற்றே எடுத்துவிட்டார்கள். இன்று காலை டாக்டரம்மா வந்து, "இனிமே வாயால குடிக்கணும் அய்யா. தொண்டை ஆறிருச்சு. குடிக்கலேன்னா மறுபடி குழாய்தான்" என்றார். பூர்ணிமா கஞ்சித் தண்ணியை ஸ்பூனில் எடுத்துக்கொண்டு போனாள். வாயை இறுக மூடிக்கொண்டான். நர்ஸ் வந்து அதட்டிப் பார்த்தாள். அசையவில்லை. பூர்ணிமா ஸ்பூனை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

மதியம் வார்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் டம்ளரைக் கழுவி, வெதுவெதுப்பாகக் கஞ்சித் தண்ணியை ஊற்றினேன். கட்டிலுக்கு மறுபக்கம், அவன் முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய் நின்றேன். டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய்தான் எடுத்தது.

"நாச்சி! கண்ணிருந்தும் குருடனானேன். காதிருந்தும் உன் சொல்லைக் கேளாதவனானேன்."

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சோற்றில் வைத்த கையோடு திரும்பிப் பார்த்தாள். மேடை ஏறாத ராஜபார்ட், அறுபத்தெட்டு வயதில், ஆஸ்பத்திரி வார்டில். வெட்கமெல்லாம் வரவில்லை.

"என் ஆத்திரத்தால் உன்னைக் காட்டுக்கு அனுப்பினேன். அணையாத இந்த விளக்கை ஏந்தி உன் வாசலில் வந்து நிற்கிறேன். நாச்சி, என்னை மன்னித்தாயா?"

என் குரல் உடைந்துவிட்டது. அந்த இடத்தில் உடையக் கூடாது. ராஜபார்ட் கம்பீரமாகக் கேட்க வேண்டும்.

அவன் என்னைப் பார்த்தான். கழுத்துத் துளையில் மூச்சு வந்து போவது மட்டும் கேட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது. டம்ளர் சாய்ந்து கஞ்சி என் விரலில் வழிந்தது. விழுந்துவிடும் என்று நினைத்தேன்.

மெல்ல எழுந்து உட்கார்ந்தான். மேலே கிடந்த ஆஸ்பத்திரித் துண்டின் ஓரத்தை எடுத்து, முந்தானையைச் சரிசெய்வதுபோல இடது தோளில் போட்டுக்கொண்டான். தலையைச் சற்றுச் சாய்த்து, இரண்டு கையையும் நீட்டி, என் கையிலிருந்து டம்ளரை வாங்கினான். அவசரப்படவில்லை.

ஒரு வாய் குடித்தான். விழுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் விழுங்கினான். வாசலில் நின்ற பூர்ணிமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு அவன் எனக்காகக் காத்திருந்தான். நான் எடுக்க வேண்டிய இடம். இத்தனை வருஷம் பாடமாக இருந்த வசனம் அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஓடிவிட்டது. அவன் ஒரு கையால் சிலேட்டை இழுத்து, கோணல்மாணலாக எழுதிக் காட்டினான்.

'அடுத்து நீ.'

"இது போதும்" என்றேன். அதற்கு மேலும் வசனம் இருக்கிறது, வரவில்லை. அவன் காலி டம்ளரை நீட்டினான். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.